நிற்க விடாத சுறா

முட்டாள்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சங்குமுனையில் அவர்கள் கூட்டம் போட்டு யோசிப்பார்கள் என்பதுதான் விசேஷம்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் வறுவேல். ஒருநாள் அவன் வலையில் கொம்பன் சுறாக் குட்டி ஒன்று உயிரோடு சிக்கியது. சம்மட்டி மாதிரித் தலை, அதன் இரண்டு முனையிலும் கண். அதை இறால் குட்டையில் விட்டுவிட்டு, பட்டணத்து மீன் காட்சியகத்துக்குப் போன் போட்டான். அங்கிருந்த மீன் டாக்டரம்மா பேசினாள்.

“அது நீந்திக்கிட்டே இருந்தாத்தான் மூச்சு விடும். நின்னா செத்துடும். நான் வர்ற வரைக்கும் நிக்க விடாதீங்க. வெயில்ல தோல் கறுக்கும், அதுக்குப் பயப்படாதீங்க. உயிரோட குடுத்தா, பிடிச்சவர்னு தொட்டி மேல உங்க பேரை எழுதி வைக்கிறோம்.”

வறுவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் பேரைச் சொல்லித் திட்டியவர்கள் உண்டு, எழுதி வைத்தவர்கள் இல்லை. எப்பாடு பட்டாவது சுறாவைக் காப்பாற்ற வேண்டுமென்று கூட்டாளிகள் தொபியாஸையும் எஸ்தாக்கியையும் கூப்பிட்டான்.

“குட்டைத் தண்ணி கலங்கிக் கெடக்கு. உள்ள நின்னுச்சுன்னா நமக்கு எப்பிடிலே தெரியும்?” என்றான் தொபியாஸ்.

“வெளிய எடுத்துட்டா தெரியும்லா,” என்றான் எஸ்தாக்கி.

இதை மறுக்கும் அளவுக்கு அங்கே யாருக்கும் மூளை கிடையாது. சுறாவைத் தூக்கித் தள்ளுவண்டியில் கிடத்தினார்கள்.

“தண்ணி வேண்டாமாலே?” என்று வறுவேல் கேட்டான்.

“தண்ணி கனக்கும். வண்டி நின்னுட்டா யார் பொறுப்பு?” என்றான் தொபியாஸ்.

தெருத்தெருவாகத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். சுறாவுக்கு இரண்டு பக்கமும் கண் இருக்கும்போது நாம் வேறு எதற்குப் பார்ப்பது என்று மூவரும் குனிந்தபடி தள்ளியதில், டீக்கடைப் பந்தல் சரிந்தது, சலூன் பெஞ்சு முறிந்தது. அப்படியும் நிற்கவில்லை.

சுறா வாலை ஆட்டுவதை விட்டது. “பழகிட்டு,” என்றான் எஸ்தாக்கி. வெயில் ஏற ஏற அது கறுத்தது. டாக்டரம்மா சொன்னது அப்படியே பலிக்கிறதே என்று வறுவேல் பூரித்துப்போனான். ஈ மொய்த்தபோது தொபியாஸ் ஓடியபடியே துண்டால் விசிறினான்.

மத்தியானம் டாக்டரம்மா வந்து இறங்கினாள். “நிறுத்துங்க, நிறுத்துங்க” என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள்.

“நிறுத்துனா செத்துரும்மா,” என்று மூவரும் இன்னும் வேகம் எடுத்தார்கள்.

சர்ச் முக்கில் அவள் குறுக்கே விழுந்து வண்டியைப் பிடித்து நிறுத்தினாள். சுறாவைத் தொட்டுப் பார்த்தாள்.

“செத்துப்போச்சு,” என்றாள்.

வறுவேல் தெருவிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெருந்தன்மையோடு பேசினான்.

“காலையிலேருந்து நாங்க ஒரு தடவகூட நிறுத்தலம்மா. நீங்க வந்து நிறுத்துனிய, செத்துட்டு. போவட்டும், உங்க மேல கோவம் இல்ல. ஆனா தொட்டியில என் பேருக்குக் கீழ உங்க பேரையும் எழுதிருங்க. பிடிச்சது நான், நிறுத்துனது நீங்க.”