மாதி பதில் சொல்லாத நாள்

பறவைகள் வாய் நிறையப் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், மலைக்காட்டுப் பட்டமரங்களெல்லாம் குக்குறு என்கிற குக்குறுவான் பறவைகளின் வீடுகளாக இருந்தன. உடம்பெல்லாம் பச்சை, தலை மட்டும் பழுப்பு. அலகாலேயே மரத்தைக் குடைந்து, உள்ளே வெறும் கட்டையில் முட்டையிடும் கூட்டம் அது.

ஒருநாள் சமவெளியிலிருந்து மைனாக்கள் திரளாக வந்து இறங்கின. அவற்றுக்கு வீடென்றால் உள்ளே வைக்கோல் இருக்க வேண்டும். தலைவர் பூவராகன் ஒவ்வொரு பொந்தாக எட்டிப் பார்த்தார். "ஒரு துரும்பு இல்லையே! இவங்களுக்கு வெறும்பொந்தார்னே பேரு வெச்சிடலாம்" என்றார்.

குக்குறுக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் எப்படிக் கூப்பிட்டாலும் குரல் கொடுத்துவிட வேண்டும். பேசாமல் இருப்பது மரியாதைக் கேடு. அதனால் "வெறும்பொந்தாரே!" என்றாலும் "ஏனுங்க?" என்றன. வினை அங்கேதான் ஆரம்பித்தது. "பாத்தீங்களா, நீங்களே ஒத்துக்கிட்டீங்க. பொந்து காலிதான்" என்று மைனாக்கள் வைக்கோலோடு உள்ளே புகுந்தன. நல்ல நியாயம்! பத்து மரம் இப்படியே போயிற்று.

கடைசியில் மாதி என்ற தாய்க் குக்குறுவின் மரத்துக்கு மைனாக்கள் வந்தன. உள்ளே கண் திறக்காத மூன்று குஞ்சுகள்.

"வெறும்பொந்தாரே!" என்று பூவராகன் கூப்பிட்டார்.

"ஏனுங்க" என்பது மாதியின் தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

"காது கேக்கலையா? வெறும்பொந்தாரே!"

"அப்படி யாரும் இங்க இல்லீங்க. நாங்க குக்குறு. குஞ்சுங்களோட குடியிருக்கறோம்."

"அப்ப நாங்க வெச்ச பேரு?"

"நீங்களே வெச்சுக்கங்க" என்றவள், காடு முழுக்கக் கேட்கும்படி "குக்குறு! குக்குறு!" என்று கத்தினாள். வீடிழந்து பக்கத்து மரக்கிளையில் ஒண்டிக் கிடந்த நஞ்சி அதை வாங்கிக் கத்தினாள், அவளிடமிருந்து அடுத்தவள். பொந்துக்குள்ளிருந்து குஞ்சுகளும் கீச்சுக்குரலில் சேர்ந்துகொண்டன. இத்தனை பேர் கத்துகிற வீட்டை எந்த வாயால் காலி வீடு என்பது? பூவராகன் பொழுது சாயும்வரை பொறுத்துப் பார்த்தார். "திமிர் பிடிச்ச கூட்டம்!" என்று வைக்கோலைத் துப்பிவிட்டுப் பறந்தார்.

போன பத்து மரம் போனதுதான். ஆனால் மாதியின் குஞ்சுகள் அந்தப் பொந்திலேயே வளர்ந்து, அதிலிருந்தே பறந்தன. அவளுக்கு அதில் பரம திருப்தி.

அன்றைக்குத் தொடங்கியதுதான்: மலைக்காட்டில் ஒரு குக்குறுவான் தன் பேரைச் சொன்னால் போதும், அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று எல்லாம் சேர்ந்து நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன, நீங்கள் வேறு எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பியும் பார்ப்பதில்லை.