பதினொரு வெற்றோலைகள்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள், அந்த வம்சத்தார் இன்னும் கோபக்காரர்கள். பக்கத்து நாட்டில் ஆற்றுத் தண்ணீரே சக்கரத்தைச் சுற்றுகிறது, மாடில்லாமல் செக்கு ஆடுகிறது என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான், "கருநீலி ஆற்றை மறித்து அணை கட்டுங்கள். நமக்கு நூறு செக்கு ஓட வேண்டும்" என்று கிளம்பிவிட்டார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆற்றில் கை வைப்பதற்கு முன், ஆறு பார்ப்பவர்கள் பன்னிரண்டு பேர், ஆற்றங்கரையை ஆளுக்கொரு துறையாகப் பிரித்துக்கொண்டு ஒரு வருஷம் பார்ப்பார்கள். வெள்ளம் எதுவரை ஏறும், எந்த ஊர் முழுகும், மீன் எங்கே முட்டையிடும் என்று அவரவர் துறைக்கு அவரவரே ஓலை எழுதுவார்கள். அடுத்தவர் துறையை எழுதினால் பெரிய குற்றம். ஆனால் அமைச்சர் மழவராயர், சிக்கனம் என்று சொல்லிப் பதினொரு பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். மிஞ்சியது, வருஷக்கணக்காகத் தன் துறையைப் பார்த்துவந்த முத்தாயி ஒருத்திதான்.

இந்த மழவராயருக்கு அரசவை விகடகவி விடங்கனைக் கண்டாலே வயிற்றெரிச்சல். "பிரபு, அந்தப் பதினொரு பேர் வேலையை விடங்கன் எட்டே நாளில் முடிப்பார். பன்னிரண்டு ஓலையும் வராவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்" என்றார். ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

விடங்கன் பிறந்த ஆலங்கரை அந்த ஆற்றோரத்து ஊர்; பார்க்காமல் அணை கட்டினால் அதுவும் முழுகலாம். முத்தாயியிடம் ஓடினான்.

"எனக்கு என் துறை மட்டுந்தான் தெரியுங்க. மத்ததை எழுதுனா பொய்யாயிடும். அதுக்கு என் கை வராதுங்க" என்றாள் அவள்.

விடங்கனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இப்படி ஒருத்தி இருக்கும் நாட்டில் பிறந்தோமே என்று பெருமைப்பட்டான்.

எட்டாம் நாள் சபையில் பன்னிரண்டு ஓலைகளைக் கொண்டுபோய் வைத்தான். முதல் ஓலையில் முத்தாயியின் எழுத்து நெருக்கமாக இருந்தது. மற்ற பதினொன்றும் வெறும் ஓலை.

"என்ன இது, விடங்கா?" என்றார் ராஜா.

"வீட்டுக்கு அனுப்பப்பட்ட பதினொரு பேரும் இந்த எட்டு நாளில் பார்த்ததை ஒன்று விடாமல் கொண்டுவந்திருக்கிறேன், பிரபு."

"வெறும் ஏமாற்று. அங்கெல்லாம் ஆபத்து ஒன்றும் கிடையாது, நான் அறிவேன்" என்று குதித்தார் மழவராயர்.

"நல்லதாயிற்று" என்று விடங்கன் எழுத்தாணியை நீட்டினான். "இங்கே ஒரு வீடும் முழுகாது என்று பதினொன்றிலும் அமைச்சரே எழுதி முத்திரை வைக்கட்டும். அணை கட்டியபின் அவரும் அங்கேயே குடியிருக்கட்டும்."

சபை முழுவதும் மழவராயர் கையையே பார்த்தது. அந்தக் கை எழுத்தாணியைத் தொடவில்லை. "அது வந்து... ஏழாம் துறையில் என் மாளிகை இருக்கிறது, பிரபு. ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு எழுதினால்..." என்று இழுத்தார்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும், "உன் மாளிகை என்றால் பார்க்க வேண்டும், ஜனங்களின் வீடு என்றால் வேண்டாமா? நானும் அல்லவா தலையாட்டினேன்" என்றார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி விடங்கனுக்குப் போட்டு, "இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்டார்.

"அந்தப் பதினொரு பேரும் வேண்டும், பிரபு."

மறுநாளே அவர்கள் ஆற்றில் இறங்கினார்கள். ஒரு வருஷம் பார்த்து, அணையை நாலு காதம் தள்ளிக் கட்டச் சொன்னார்கள். நூறு செக்கு ஓடவில்லை, அறுபதுதான் ஓடியது. அடுத்த ஆடியில் கருநீலி பொங்கி வந்தபோது, ஆலங்கரை ஜனங்கள் தங்கள் வீட்டு வாசலில் நின்றபடியே வெள்ளத்தை வேடிக்கை பார்த்தார்கள்.