மயில் எடுத்த விழா

தேக்கும் மூங்கிலும் நெருங்கி வளர்ந்த ஒரு காட்டில் தும்பை என்றொரு மான்குட்டி இருந்தது. பாவம், பால் மறக்கும் முன்பே அதன் இரத்தத்தில் புற்றுநோய் வந்துவிட்டது. கரடி வைத்தியர் கசப்பு மருந்து கொடுத்தார். மருந்தின் கடுமையில் குட்டி எலும்பும் தோலுமாகிவிட்டது. தாய்மான் மருதி அதை விட்டு நகரவே இல்லை.

கூட்டமும் அப்போது நன்றாகத்தான் நடந்துகொண்டது. ஆற்றுக்குத் தண்ணீர் குடிக்கப் போகும்போது சீக்காளிக்கு நடு இடம் கொடுப்பது மான்களின் வழக்கம். சிறுத்தை பாய்ந்தாலும் ஓரத்தில் நடப்பவற்றைத் தாண்டித்தானே வர வேண்டும்! மரத்திலிருந்த மந்தி, தும்பைக்கென்றே கொழுந்து பறித்துப் போட்டது.

ஒருநாள் கரடி வைத்தியர் சொன்னார். "மருதி, நோய் அடங்கிடுச்சு. மருந்து இன்னியோட போதும். ஆனா உடம்பு தேற நாளாகும். மாசாமாசம் கூட்டிட்டு வந்து காட்டு."

முதல் பாதியைக் கேட்டதுமே மயில் குதித்தது. பெரியதனம் பண்ணுவதில் அதற்கு அப்படியோர் ஆசை. "இதுக்கு விழா எடுக்கணும்!" என்று அகவியது.

எடுத்தது. மந்தி பறித்து வைத்திருந்த பழங்களைத் தானே வாரிக்கொடுப்பது போல எல்லோருக்கும் பரிமாறியது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! பிறகு தும்பையின் கழுத்தில் மாலையைப் போட்டு, "எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்லு குட்டி, சத்தமா சொல்லு" என்றது.

"சரியாயிடுச்சு" என்றது தும்பை. அதன் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

மருதியின் கண் கலங்கியது.

"நல்ல நாளும் அதுவுமா எதுக்கு அழுகை?" என்று மயில் அதட்டியது. "இனிமே சலுகை எல்லாம் கிடையாது. நாளையிலிருந்து குட்டி ஓரத்துல நடக்கட்டும்."

கூட்டத்தின் தலைவனான கலைமானுக்கு மயில் சொன்னால் வேதவாக்கு. கொம்பை ஆட்டிச் சம்மதித்தது. மறுநாள் மந்தியும் கொழுந்து போடவில்லை. "அதான் விழாவே எடுத்தாச்சே!" என்று கிளையில் திரும்பிப் படுத்துக்கொண்டது.

தும்பை ஓரத்தில் நடந்தது. நடந்ததா, பின்தங்கித் தடுமாறியது. ஒரு மாலையில் புதர் அசைந்ததும் கூட்டம் ஒரே ஓட்டமாக ஓடிவிட்டது. தாயும் குட்டியும் மட்டும் நின்றன. நல்லவேளை, வந்தது காட்டுப்பன்றி.

"அம்மா, எனக்கு இன்னும் கால் வலிக்குது. அதைச் சொன்னா விழா எடுத்தவங்க கோவிச்சுக்குவாங்களா?" என்று தும்பை கேட்டது.

மருதி குட்டியின் காலை நக்கிக்கொடுத்தது.

கொஞ்ச நாளில் மயிலுக்கு இறகு உதிரும் பருவம் வந்தது. தோகை மொத்தமும் கொட்டிப்போக, பெரியதனக்காரர் புதருக்குள் போய் ஒளிந்துகொண்டார். இதற்காகவே காத்திருந்த மருதி, கலைமானையும் கூட்டத்தையும் மந்தியையும் அங்கே அழைத்து வந்தது.

"மயிலண்ணே! கடைசி இறகும் விழுந்துடுச்சாமே. விழுறது முடிஞ்சது, ரொம்ப சந்தோஷம். மாலை கொண்டு வந்திருக்கோம். வெளியே வந்து ஒரு ஆட்டம் ஆடுங்க!"

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று மயில் சீறியது. "விழுறது நின்னா ஆச்சா? திரும்ப முளைக்க வேண்டாமா? இப்படியே வெளியே வர எனக்குப் பயமா இருக்கு. முளைக்கிற வரைக்கும் மந்தியை இங்கே காவலுக்கு இருக்கச் சொல்லு!"

"அப்படிச் சொல்லுங்க. நாலு இறகு முளைக்க உங்களுக்கு நாளும் வேணும், காவலும் வேணும். செத்துப் பிழைச்ச என் பிள்ளைக்கு மட்டும் ஒரு மாலை போதுமா?"

மயில் மொட்டை வாலை இழுத்துக்கொண்டு புதருக்குள் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. மந்தி மரத்தைப் பார்த்தது, மண்ணைப் பார்த்தது, மருதியை மட்டும் பார்க்கவில்லை.

கலைமானுக்கு வெட்கமாகிவிட்டது. அன்று ஆற்றுக்குப் புறப்படும்போது அது தும்பையை மெல்ல முட்டி நடுவில் கொண்டுபோய் விட்டது.

பாதி வழியில் தும்பை நின்றது. "எனக்குக் கால் வலிக்குது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னது.

கூட்டம் மொத்தமும் நின்றது.

நீதி: மருந்து முடிந்ததென்று மாலை போட்டுவிட்டு விலகுவது உதவி ஆகாது, தேறும் வரை உடன் நிற்பதே உதவி.