மரங்கள் வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில் யானை பேசும், அணில் பேசும், மரமும் பேசும். மரம் பேசியதில்தான் வந்தது வினையே! முகில்மேட்டு மலைக்காரர்கள் ஒரு மரத்தை வெட்டுவதற்கு முன்னால் அதனிடமே கேட்பார்கள்: "நீ உறுதியா?" மரம் "உறுதி" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அதற்குமேல் பேச்சே கிடையாது.

அந்த மலையில் கோரன் என்றொரு தச்சன் இருந்தான். சரியான சிடுமூஞ்சி. பொழுது விடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால்கூட, வெளியே வந்து பார்த்த பிறகுதான் நம்புவான்.

ஒரு மழைக்காலத்தில் காட்டாறு பொங்கி வந்து பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. தேனெடுக்கப் போனவர்கள் அக்கரைப் பாறைமேல் மாட்டிக்கொண்டார்கள். கோரனின் மனைவி பெள்ளியும் அவர்களோடுதான் இருந்தாள். தண்ணீரோ பாறையில் ஏறிக்கொண்டே வந்தது.

கரையில் நின்ற பெரிய வேங்கை மரம் குரல் கொடுத்தது. "என்னை வெட்டிப் போடுங்கள். யானைக்கூட்டமே நடந்து போகலாம். எனக்குள் வைரம் பாய்ந்திருக்கிறது!"

"வேங்கையே சொல்லிட்டுது, கோடாலியை எடுடா," என்றார் ஊர் மூப்பன்.

"அது சொன்னா ஆச்சா? அங்க நிக்கிறது என் பொண்டாட்டி," என்றான் கோரன்.

"மரத்தோட வாக்கையே சந்தேகப்படுறியா? உருப்படுவியா நீ?"

வேங்கையும் சீறியது. "உன் பாட்டன் பிறக்கும் முன்பே நான் பெரிய மரம். உனக்கென்னடா தெரியும்?"

கோரனுக்கு வந்ததே கோபம்! கையிலிருந்த மரச்சுத்தியலால் வேங்கையின் இடுப்பில் ஓங்கி ஒரு போடு போட்டான்.

'தொம்!'

காலிப் பானையைத் தட்டியதுபோல் சத்தம் கேட்டது. "அடப் பாவி, உள்ளே ஒண்ணுமே இல்லையே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் மூப்பன். வேங்கை கிளைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

கோரன் ஓடினான். எதிர்ப்பட்ட மரத்தையெல்லாம் அடித்தான். "ஐயோ! அம்மா!" என்று காடே அலறியது. ஒரு மரம்கூடக் கெட்டியாக ஒலிக்கவில்லை. கடைசியில் ஆற்றோரம் நின்ற ஒரு கோணல் மருத மரத்திடம் வந்தான்.

"என்னை விட்டுடு அண்ணா, நான் எதுக்கும் உதவாதவன்," என்று அது அழுதது.

"அதையும் நான் நம்பல," என்று சொல்லி அடித்தான்.

'ணங்!'

"அட, இது என் சத்தமா?" மருதத்துக்கே ஆச்சரியம் தாங்கவில்லை. "அப்போ வெட்டு அண்ணா, சீக்கிரம் வெட்டு!"

வெட்டிய மரத்தை யானை ஒன்று ஓடி வந்து தூக்கி ஆற்றின் குறுக்கே போட்டது. கோரன் முதல் ஆளாக நடுவில் போய் நின்று, குதி குதி என்று குதித்தான். மருதம் அசையவில்லை. "வாங்க!" என்று கத்தினான். ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியாகப் பெள்ளி கால் எடுத்து வைத்ததும் பாறை தண்ணீரில் மூழ்கியது. அவள் கரையேறியபோது மலையே அதிரும்படி எல்லோரும் கூவினார்கள்.

"நான் செத்துட்டேன்னு யாராவது சொல்லியிருந்தா?" என்று கேட்டாள் பெள்ளி.

"நம்பியிருப்பேனா!" என்ற சிடுமூஞ்சி, அழுதுகொண்டே சிரித்தான். அத்தனை பேருக்கும் முன்னால் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியவர் மூப்பன்தான்.

வேங்கைக்கு வெட்கம், மற்ற மரங்களுக்குச் சுத்தியல் பயம். அன்று முதல்தான் மரங்கள் வாயைத் திறப்பதில்லை. தச்சர்களும் ஒரு தட்டு தட்டிப் பார்க்காமல் எந்த மரத்திலும் உளி வைப்பதில்லை. தட்டினால் மட்டும், எந்த மரமும் உண்மையைச் சொல்லிவிடும்.