வாலாட்டிக் குருவி நடத்திய கச்சேரி

காட்டுக் குளத்தில் தவளைகளும் சில்வண்டுகளும் ஒரு மரங்கொத்தியும் கூடிக் கச்சேரி செய்து வந்தன. தொண்டையன் என்ற தவளை முதலில் குரல் கொடுப்பான். மற்றவை பிடித்துக்கொள்ளும்.

ஒருநாள் வாலாட்டிக் குருவி ஒன்று குளத்துப் பாறையில் வந்து இறங்கியது. அதன் வால் ஒரு நொடியும் சும்மா இருக்காது. பாடுகிறவர்களுக்கு எதிரே அது மேலும் கீழும் ஆடியதைப் பார்த்த முயல்கள், "அடேயப்பா! இந்தக் குருவிதான் எல்லாரையும் பாட வைக்குது!" என்று வாய்பிளந்தன.

குருவிக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே, "இனிமேல் என் வாலைப் பார்த்துத்தான் பாடணும்!" என்று அதட்டியது.

"அது எப்ப நிக்கும்னு உங்களுக்கே தெரியாதே, ஐயா!" என்றான் தொண்டையன். குளமே சிரித்தது.

"வாயாடி! கடைசி வரிசைக்குப் போ!"

தொண்டையன் பின்னால் சேற்றுக்குப் போனான். அங்கிருந்தே தொடங்கி வைத்தான். பெயரெல்லாம் குருவிக்குப் போனது.

ராஜா யானையின் காதுக்கும் அந்தப் பெயர் எட்டியது. "கேட்க வருகிறேன். பிடித்திருந்தால் கேட்டதைத் தருவேன்!" என்று சொல்லி அனுப்பியது.

தவளைகளுக்கு இருந்தது ஒரே ஆசை. கொக்குகள் குளத்துப் பக்கமே வரக் கூடாது. போன வாரம்தான் தொண்டையனின் தம்பியை ஒரு கொக்கு விழுங்கியிருந்தது.

"மறக்காமக் கேளுங்க, ஐயா!"

"கேட்கிறேன், கேட்கிறேன்!"

கச்சேரி முடிந்ததும் யானை தும்பிக்கையைத் தூக்கியது. "பலே! என்ன வேணும்?"

குருவி தவளைகளுக்கு முதுகைக் காட்டிக் கும்பிட்டது. "மகாராஜா, உங்க முதுகுல உட்கார ஓர் இடம்!"

"கொடுத்தேன்!"

தொண்டையனுக்கு நெஞ்சு எரிந்தது. "கொக்கு விஷயம் என்னாச்சுங்க?"

"சீ! ராஜாகிட்டப் போய் அதையெல்லாம் பேசுறதா?"

"இன்னொரு பாட்டு!" என்றது யானை.

குருவி வாலை ஆட்டியது. தொண்டையன் வாயை இறுக மூடிக்கொண்டான். அவன் தொடங்காததால் ஒரு தவளையும் கத்தவில்லை. சில்வண்டுகள் அடங்கின. மரங்கொத்தி அலகைச் சிறகுக்குள் செருகிக்கொண்டது.

"என்னப்பா, ஒண்ணும் கேக்கலையே?"

"இது உயர்ந்த சங்கீதம், மகாராஜா! ரசிக்கத் தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் கேக்கும்!"

"முறம் மாதிரி ரெண்டு காது வச்சிருக்கேன். எனக்கே கேக்கலைன்னா வேற யாருக்கடா கேக்கும்?"

அப்போது சேற்றிலிருந்து தொண்டையன் ஒரு குரல் கொடுத்தான். குளம் முழுவதும் எழுந்து பாடியது!

யானை பாறையைத் தாண்டிப் பின்னால் பார்த்தது. "ஓகோ, நீதானா அது! உனக்கு என்ன வேணும்?"

"கொக்கு வரக் கூடாதுங்க!"

அன்று மாலையே யானை கொக்குகளை விரட்டியடித்தது. முதுகில் உட்காரப் போன குருவியையும் காதால் தட்டிவிட்டது.

குருவிக்கு வெட்கமா வரும்? மலையடி ஓடைக்குப் போய் ஒரு கல்லின் மேல் நின்றுகொண்டது. தண்ணீர் குடிக்க வருகிறவர்களிடம், "இந்த ஓடையை ஓட வைக்கிறதே நான்தான்!" என்று சொல்லிக்கொண்டு இன்றும் வாலை ஆட்டுகிறது. அதை நம்பித் தலையாட்டவும் அங்கே நாலு மான்கள் இருக்கின்றன.

அடுத்தவர் உழைப்புக்கு முன்னால் நின்று பெயர் வாங்குகிறவனின் பெருமை, உழைக்கிறவர்கள் வாயை மூடிக்கொள்ளும் வரைதான்.