குயில்மலையில் ராஜா இருந்த மௌனத் தவம்

ரொம்ப காலத்துக்கு முன்னால் மாங்கனி நாட்டைச் செங்கோடவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன். நாட்டைக் கவனித்தது அமைச்சர் குழைக்காதர். ராஜா சாப்பாட்டைக் கவனித்துக்கொண்டான்.

ஒருநாள் அவனுக்குத் திடீரென்று ஞானம் பொத்துக்கொண்டு வந்தது. "குயில்மலை மடத்தில் பத்து நாள் மௌனத் தவம் இருக்கப்போகிறேன்!" என்றான்.

குழைக்காதர் சும்மா இருந்திருக்கலாம். "பிரபு, அங்கே ஒரு வேளைக் கஞ்சிதான். வாயே திறக்கக் கூடாது. தங்களுக்கு..." என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

அமைச்சர் பதவிக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்த அதிகாரி வண்ணமுத்தர் குறுக்கே பாய்ந்தார். "அபசாரம்! பிரபு கண்ணை மூடினால் கைலாயமே ஆடுமே!"

ராஜா மீசையை முறுக்கினான். "கேட்டீரா, குழைக்காதரே? பத்து நாளை முறைப்படி நான் முடித்தால் உம்முடைய பதவி இவருக்கு!"

குழைக்காதர் ஒரு கும்பிடு போட்டார். பணிவாகச் சொன்னார்: "உத்தரவு, பிரபு. மௌனத்தில் இருப்பவரின் சைகைக்கு அர்த்தம் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பது மடத்து வழக்கம். தங்கள் தவத்தை இவ்வளவு நம்பும் வண்ணமுத்தரை விட்டால் வேறு யார்?"

வண்ணமுத்தர் பூரித்துப்போனார்.

முதல் நாள் சாயங்காலமே ராஜா வயிற்றைத் தடவிக் காட்டினான். ராஜா இரண்டாம் வேளை சாப்பிட்டால் வரவேண்டிய பதவி போச்சே! "வயிறு நிறைந்திருக்கிறதாம்" என்றார் வண்ணமுத்தர். மறுநாள் ராஜா மரத்திலிருந்த மாம்பழத்தைக் காட்டினான். "மாம்பழத்தைத் துறந்துவிட்டாராம். அடடா, என்ன வைராக்கியம்!" மூன்றாம் நாள் ராஜா அவர் கழுத்தையே பிடித்தான். "ஆசீர்வாதம்... பண்ணுகிறார்" என்று திணறினார் மனுஷர்.

"அடப்பாவி, பசிக்குதுடா!" ராஜா போட்ட கூச்சலில் மலைக்குரங்குகள் ஓட்டமெடுத்தன. தவம் கலைந்தது. அன்றைக்கு மலையேறி வந்திருந்த குழைக்காதர் அப்பாடா என்று மூச்சுவிட்டு, கையோடு கொண்டுவந்திருந்த பொங்கலைப் பரிமாறினார்.

மூன்று இலை பொங்கல் உள்ளே போனபிறகு ராஜாவுக்கு வெட்கம் வந்தது. "எல்லாம் தெரிந்துதானே இவரை என்னோடு சேர்த்துவிட்டீர்?"

"தங்கள் பசியும் தெரியும், இவர் ஆசையும் தெரியும், பிரபு."

ராஜா விழுந்து விழுந்து சிரித்து, தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டான். பிறகு திரும்பினான். "வண்ணமுத்தரே, மிச்சம் ஏழு நாள் தவத்தை நீர் முடித்துக்கொடும். இந்த நிமிஷத்திலிருந்து மௌனம். சைகைக்கு அர்த்தம் குழைக்காதர் சொல்வார்."

வண்ணமுத்தர் தடாலென்று காலில் விழுந்தார். வாயை இறுக மூடிக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டி அழுதார்.

குழைக்காதர் உருகிப்போனார். "ஏழு நாள் போதாதாம், பிரபு. ஒரு மண்டலம் கேட்கிறார்."

ராஜா தாராளமாகக் கொடுத்தான்.