பில் போடாத விலை

கோத்தகிரிக்குச் சற்று வெளியே இருந்த அந்தச் சிறிய மடத்துக்கு, மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில் தணிகாசலம் வந்தார். கடைவீதியில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவர். பதினொரு வருடமாக அந்த மடத்துக் குருவின் சீடர். வயதில் குருவைவிட ஒன்பது வருடம் பெரியவர் என்பதால், அவர் காலில் விழும்போது மட்டும் இருவருக்குமே சங்கடமாக இருக்கும்.

அன்று அவர் விழவில்லை. குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். மூன்று நாளாக மழை விடவில்லை.

"ஒரு சந்தேகம் சாமி."

"கேளுங்க."

"தர்மமா நினைச்சு ஒண்ணு செய்யறோம். அதுக்கப்புறம் ஒரு சாவு விழுந்துடுது. அந்தப் பாவம் நம்மளைச் சேருங்களா?"

யாராவது தர்மம், பாவம் என்று பெரிதாக ஆரம்பித்தால் குரு சில்லறை விவரங்களைக் கேட்பார். சில சீடர்களுக்கு இதில் எரிச்சல் உண்டு. இதைக் கேட்கவா மலை ஏறி வந்தோம் என்று திரும்பிப் போனவர்களும் இருக்கிறார்கள்.

"என்ன தர்மம்? யாரோட சாவு?" என்றார் குரு.

"தையல் கடை அமலோற்பவம்னு ஒருத்தங்க. மார்கழியில எங்கிட்ட ஹீட்டர் வாங்கினாங்க. பிள்ளைங்க பச்சைத் தண்ணியில குளிச்சுட்டுப் பள்ளிக்கூடம் போகுதுன்னு. போன மாசம் அதுல கரண்ட் கசிஞ்சு, குளிக்கப் போன அவங்க வீட்டுக்காரர் சவரிமுத்து..."

அவர் முடிக்கவில்லை.

"உள்ளேயே கிடந்திருக்காரு சாமி. கதவை உடைச்சுத்தான் எடுத்தாங்க."

"இதுல தர்மம் எங்க வந்துச்சு?"

"ஹீட்டரைப் பில் இல்லாம கொடுத்தேனுங்க."

"எனக்கு உங்க வியாபாரம் தெரியாது. விவரமா சொல்லுங்க."

கடையைப் பற்றிப் பேச வந்ததும் தணிகாசலத்தின் குரல் நிமிர்ந்தது. "ஹீட்டர் விலை ஆறாயிரம். அதுக்கு மேல நூத்துக்குப் பதினெட்டு வரி. ஆயிரத்து எண்பது. அது என் காசு இல்லைங்க. கட்டுறது வாங்கறவங்க. நான் வாங்கி வச்சிருந்து அடுத்த மாசம் கட்டணும். பாதி டெல்லிக்கு, பாதி சென்னைக்கு. நடுவுல நான் வெறும் தபால்காரன்."

"பில் இல்லைன்னா?"

"ஆறாயிரத்தோட போச்சு. எல்லாக் கடையிலயும் கேக்கறதுதான். பில்லோட ஒரு விலை, பில் இல்லாம ஒரு விலை. பாவம், துணி தச்சுப் பொழைக்கறவங்க. ஆயிரத்து எண்பது அவங்ககிட்டயே இருக்கட்டும்னுதான்."

"அவங்களா வேண்டாம்னாங்களா?"

"நான்தான் கேட்டேன். வேண்டாம்னா மிச்சம்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சரின்னாங்க."

"அந்த ஆயிரத்து எண்பதுல உங்களுக்கு எவ்வளவு?"

"ஐயோ, ஒத்தப் பைசா இல்லைங்க! சத்தியமா!"

"அப்போ உங்களுக்கு என்னதான் கிடைச்சுது?"

தணிகாசலம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைக்கிற அளவுக்கு முகத்தில் ஒன்றும் இல்லை.

"விலை குறைவுன்னு ஆளுங்க திரும்ப வருவாங்க. அப்புறம்... அந்த வியாபாரமே கணக்குல வராது. என் வருமானம் குறைச்சலாத் தெரியும்."

"இப்ப அவங்களுக்கு என்ன வேணும்?"

"ஒரு பில்லு சாமி. நஷ்டஈடு கேட்டிருக்காங்க. எந்தக் கடையில, எந்தத் தேதியில வாங்கினேன்னு பில் காட்டுன்னு கம்பெனி சொல்லிருச்சு. கியாரண்டி கார்டுலயும் கடை முத்திரை இல்லை. நான்தான் குத்தலை."

"கொடுக்கலையா?"

"கொடுத்தா விடமாட்டாங்க சாமி! ஏன் அப்பவே போடலைன்னு வரி ஆபீஸ்ல கேப்பாங்க. ஒண்ணைத் தொட்டா ஏழு வருஷக் கணக்கையும் தோண்டுவாங்க. வட்டி, அபராதம்... கடையை மூட வேண்டியதுதான். ரெண்டு பையனும் அந்தக் கடையை நம்பித்தான் இருக்கானுங்க." குரலைத் தாழ்த்தினார். "ஹீட்டரை நான் செய்யலை சாமி. அவர் விதி முடிஞ்சுதுன்னு ஒரு வார்த்தை நீங்க சொன்னா, மனசு ஆறிடும்."

குரு அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார்.

"நம்ம கிரைண்டர் உங்க கடையில வாங்கினதுதானே?"

"ஆமாங்க. போன ஆவணியில."

"எங்கிட்டயும் கேட்டீங்க, பில் வேணுமான்னு."

"மடத்துக்குத்தானேன்னு கேட்டேனுங்க."

"நானும் வேண்டாம்னேன். மூவாயிரத்து அறுநூறு மிச்சம். அன்னதானத்துக்குத்தானேன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்." குருவின் முகம் சிறுத்துவிட்டது. இத்தனை வருடத்தில் அவர் வெட்கப்பட்டுத் தணிகாசலம் பார்த்ததில்லை. பார்க்கவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"பில் புக் இருக்கா?"

"பையில இருக்குங்க."

"எழுதுங்க."

"தேதி என்ன போடறது?"

"இன்னிக்குத் தேதி. பொருள் கொடுத்தது போன ஆவணியில, அன்னிக்குப் பில் போடலைன்னு கீழே எழுதுங்க."

"சாமி, அப்புறம் உங்களையும் வந்து கேப்பாங்க."

"கேக்கட்டும்."

குரு எழுந்துபோய் உண்டியலைத் திறந்து பணத்தை எண்ணிக்கொண்டு வந்தார். பத்தும் இருபதுமாக நிறைய நோட்டுகள். எல்லாவற்றையும் தணிகாசலத்தின் முன்னால் வைத்தார். தணிகாசலம் எழுதி, கிழித்து, குருவிடம் கொடுத்தார். குரு அதைப் படித்துப் பார்த்து மடித்துக்கொண்டார்.

பில் புத்தகம் திறந்தே கிடந்தது. யாரும் சொல்லாமலே தணிகாசலம் கார்பன் தாளை எடுத்து அடுத்த தாளுக்கு அடியில் வைத்தார். பெயர் என்று இருந்த இடத்தில் அமலோற்பவம் என்று எழுதினார். ஹீட்டர் ஒன்று, ஆறாயிரம், வரி ஆயிரத்து எண்பது. கீழே, பொருள் கொடுத்தது மார்கழியில் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"இத்தனை நாள் கழிச்சுப் போட்ட பில்லைக் கம்பெனி ஏத்துக்குமான்னு தெரியலைங்க," என்றார்.

"எனக்கும் தெரியலை."

தணிகாசலம் பில்லைக் கிழிக்கப் போனவர், கையை எடுத்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று தெரிய குருவுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ஒண்ணை மறைச்சுட்டேன் சாமி. பில் கேட்டு அவங்க என் கடைக்கு வந்தப்ப கம்பெனி ஆளும் கூட வந்திருந்தான். 'அண்ணே, நீங்கதானே கொடுத்தீங்க, இவர்கிட்ட சொல்லுங்க'ன்னாங்க. பதினாறு வருஷப் பழக்கம். என் பொண்ணு கல்யாணத்துக்கு ரவிக்கை தச்சுக் கொடுத்ததே அவங்கதான். நான்..."

"சொல்லுங்க."

"'யாரும்மா நீங்க?'ன்னு கேட்டேன் சாமி."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமே சொல்லலை. என் முகத்தையே பார்த்துட்டு இறங்கிப் போயிட்டாங்க."

குருவே அந்தப் பில்லைக் கிழித்து, நனையாமல் ஒரு உறையில் போட்டுத் தணிகாசலத்தின் சட்டைப் பையில் வைத்தார்.

"போனதும் இதை நீட்டிடாதீங்க. வாசல்ல நின்னு, முதல்ல அவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க."